மடியில் போகும் பயணி

கைக்குழந்தையோடு சொந்த ஊருக்குப் புறப்படும் பெங்களூர்ப் பெற்றோர் மெதுவாகக் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு: எவ்வளவு இறுக்கி அணைத்தாலும் கைகள் சீட் பெல்ட் ஆகா.

வெள்ளிக்கிழமை இரவு 8 மணி. பெங்களூர் வில்சன் கார்டனைத் தாண்டி ஓசூர் சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பொங்கலோ தீபாவளியோ, பள்ளி விடுமுறையோ, சேர்ந்தாற்போல் வந்த மூன்று நாள் லீவோ, காரணம் எதுவானாலும் வண்டிகள் போகும் திசை ஒன்றுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம். அங்கிருந்து ஈரோடு, நாமக்கல், திருச்சி, மதுரை என்று கிளை பிரியும். ஒவ்வொரு காரின் பின் சீட்டிலும் பெட்டிகள், ஃபிளாஸ்க், மாற்றுத் துணிப் பை, பாட்டிக்கு வாங்கிய இனிப்பு டப்பா. முன் சீட்டில் அம்மா. அம்மாவின் மடியில் எழுந்து நின்று, டேஷ்போர்டில் இரு கைகளையும் ஊன்றி, முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தை.

பார்ப்பதற்கு அழகான காட்சி. சாலையோரம் நிம்ஹான்ஸ் மருத்துவமனை வந்து போகிறது. தலையில் அடிபட்டவர்களை எந்த நேரத்திலும் ஆம்புலன்ஸ்கள் கொண்டுவந்து சேர்க்கும் இடம். காரில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டினால் போதும், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிடலாம், அத்திப்பள்ளி போய்விடலாம் என்பதில்தான் எல்லோர் கவனமும் இருக்கிறது.

பயணத்தின் நோக்கம் பெரும்பாலும் குழந்தைதான். குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டையும் செய்வார்கள். தாத்தா மடி, பாட்டி மடி, அத்தை மடி என்று மடிவிட்டு மடி மாறுவதே தமிழ்க் குழந்தையின் முதல் வருடம். தூளிக்கு அடுத்தபடி அதற்குத் தெரிந்த இடம் மடிதான். ஆகவே காரிலும் பஸ்சிலும் ரயிலிலும் ஸ்கூட்டரிலும் அதன் இடம் மடி என்று யாரும் தீர்மானிக்கவில்லை. இதில் தீர்மானிக்க ஒன்றும் இல்லை என்றே இருந்துவிட்டார்கள்.

கணக்கில் வராத பயணி

இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. குழந்தையை ஒரு தனிப் பயணியாக எண்ணாதது நம் போக்குவரத்து முறை முழுவதிலும் ஊறிக் கிடக்கிறது.

ரயிலில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாததால் இருக்கையும் இல்லை, படுக்கையும் இல்லை. 1964இல் ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரசுக்கும் 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய மைசூர்-சென்னை வந்தே பாரத்துக்கும் இந்தக் கணக்கு பொது. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் சலுகை தாராளமாக இருந்தது. 5 வயது நிரம்பி 12 வயது நிரம்பாத பிள்ளைக்கு அரைக் கட்டணத்திலேயே முழுப் படுக்கை கிடைத்தது. 2016 ஏப்ரல் 21 முதல் அது மாறியது. தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் போதும் என்றால் பெற்றோரின் படுக்கையில் ஒண்டிக்கொள்ள வேண்டும். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் விரும்பினால் முழுக் கட்டணம் செலுத்திப் படுக்கை வாங்கலாம் என்று ரயில்வே அமைச்சகம் 2022 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. நடக்கத் தொடங்கிய குழந்தையோடு இரவு ரயிலில் போயிருக்கும் தாய்க்கு இந்த விளக்கத்தின் மதிப்பு தெரியும்.

ரயிலில் கைக்குழந்தைக்குள்ள பயம், வண்டி மோதுவது அல்ல, உருண்டு விழுவது. இரண்டடி அகலப் படுக்கையின் விளிம்பில் தாய் படுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் குழந்தையைக் கிடத்தி, விடியும்வரை ஒரு கையை அணையாக வைத்திருப்பாள். தூங்கினோமா விழித்திருந்தோமா என்பது அவளுக்கே தெரியாது. இந்த ஒரு கையின் வேலையைச் செய்ய, 2022 மே மாதம் அன்னையர் தினத்தையொட்டி வடக்கு ரயில்வே லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில் சோதனையாகக் 'குழந்தைப் படுக்கை' ஒன்றைப் பொருத்தியது. கீழ்ப் படுக்கையின் ஓரத்தில் மடக்கி விரிக்கும் சிறு பலகை, குழந்தை நழுவாமலிருக்க வார்கள். எளிமையான பொருள்தான். ஆனால் ஒரு கைக்குழந்தைக்கும் உடல் உண்டு, அதற்கும் இடம் வேண்டும் என்று இந்திய ரயில் பெட்டி ஒன்று ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

பஸ்சிலும் நிலைமை இதுவே. தமிழக அரசுப் பஸ்களில் 5 வயது வரை கட்டணமில்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் சாந்திநகர் நிலையத்திலோ மடிவாளாவிலோ இரவு பஸ் ஏறும் தாய்க்கு எட்டு மணி நேரம் ஒரே மடிதான். ஸ்லீப்பர் பஸ்சின் மேல் அடுக்கில் படுத்தால் தடுப்புக் கம்பி பெரியவர்களின் தோளுக்கு அளவெடுத்தது. குழந்தை அதன் அடியில் புகுந்துவிடும். அனுபவப்பட்ட பெற்றோர் கீழ் அடுக்கு கிடைக்காவிட்டால் பயணத்தையே தள்ளிப் போடுகிறார்கள்.

அவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். பஸ் கிளம்பும் முன்பே அவசர வழி எங்கே என்று பார்த்துக்கொள்கிறார்கள். 2013 அக்டோபர் 30 விடியலில், பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற தனியார் வால்வோ பஸ் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 அதிகாலையில், ஐதராபாத்திலிருந்து பெங்களூர் வந்த பஸ் கர்நூல் அருகே மோட்டார் சைக்கிளில் மோதித் தீப்பற்றியது. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இரண்டுமே பயணிகள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் நடந்தவை. இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பமானால் யார் யாரைத் தூக்குவது என்பதைப் புகை சூழ்ந்த பிறகு பேசிக்கொண்டிருக்க முடியாது. அதை ஏறும்போதே முடிவு செய்துகொள்வது அபசகுனம் அல்ல.

விமானத்தில் என்ன? அங்கும் 2 வயது நிரம்பும்வரை மடிதான். பல விமானங்களில் ஒரு சிறு பெல்ட்டைத் தந்து பெற்றோரின் பெல்ட்டோடு குழந்தையைப் பிணைக்கச் சொல்வார்கள். இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டவர் ஒரு விமானப் பணிப்பெண். 1989 ஜூலை 19இல் அமெரிக்காவின் டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் விமானம் சியூ சிட்டியில் விபத்துக்குள்ளாகி 112 பேர் இறந்தார்கள். அதில் மடிக் குழந்தைகள் 4 பேர் இருந்தார்கள். அன்றைய விதிப்படி, குழந்தைகளைக் காலடியில் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அவர்களில் ஒரு குழந்தை உயிர் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன் அதன் பிறகு பல்லாண்டுகள் ஒரே கோரிக்கையோடு அலைந்தார்: குழந்தைக்கும் தனி இருக்கை, தனிப் பெல்ட்.

அமெரிக்க விமானத் துறை 2005இல் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. அதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. குழந்தைக்கும் டிக்கெட் வாங்கக் கட்டாயப்படுத்தினால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் கிளம்பிவிடும். வானத்தைவிடச் சாலையில் ஆபத்து அதிகம். பெங்களூருக்கும் இது பொருந்தும். தேவனஹள்ளி விமான நிலையம் 2008இல் திறந்த நாளிலிருந்து, பறக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டியிருக்கிறது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டப்படும் டாக்சியில், மடியில் குழந்தையோடு. அந்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி தரையிலேயே முடிந்துவிடுகிறது.

கைகளின் வலு

இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 9,500க்கும் மேற்பட்டோர் 18 வயது நிரம்பாதவர்கள்.

மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது ஏன் பிடித்துக்கொள்ள முடியாது என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னே போகிறார்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையை நிறுத்திப் பிடிக்க ஏறத்தாழ 140 கிலோ மூட்டையைத் தாங்கும் வலு வேண்டும். அதுவும் எச்சரிக்கை ஏதுமின்றி, கண் இமைக்கும் நேரத்துக்குள். ஓர் ஒலிம்பிக் பளுதூக்கும் வீராங்கனைக்குக்கூட அது முடியாது. வேறு விதமாகச் சொன்னால், 50 கி.மீ. வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடிச் சன்னலில் குழந்தையை நிற்க வைக்க எந்தத் தாயும் துணிய மாட்டாள்.

தாய் பெல்ட் போடாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவளுடைய எடை முழுவதும் குழந்தையை டேஷ்போர்டோடு சேர்த்து நசுக்கும். குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வது பலர் கையாளும் யோசனை. அதுவும் தவறு. அப்போது பெல்ட்டுக்கும் தாயின் உடலுக்கும் நடுவே சிக்கிக்கொள்வது குழந்தைதான். முன் சீட்டில் ஏர்பேக் வேறு இருக்கிறது. பெரியவர்களின் நெஞ்சுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தப் பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் தலைக்கு அடியாகவே வந்து சேரும்.

கைக்குழந்தையின் உடலமைப்பே தனி. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலை. அதைத் தாங்கும் கழுத்தோ இன்னும் முற்றாதது. வண்டி சட்டென்று நிற்கும்போது அந்தக் கனத்த தலை முன்னே வீசப்படும். அதனால்தான் மிகச் சிறு குழந்தைகளுக்கான சீட் காரின் பின்புறம் பார்த்தபடி பொருத்தப்படுகிறது. மோதலின் வேகத்தைக் கழுத்துக்குப் பதில் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஸ்வீடனில் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1964இல் இத்தகைய இருக்கையின் முதல் மாதிரியைச் செய்து பார்த்தார். விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து சாய்ந்து கிளம்புவதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது.

இந்தியச் சட்டம் இந்தக் குழந்தையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள 2019 வரை ஆயிற்று. அந்த ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பிலிருந்து தனியாகக் குழந்தைகளுக்கான பாதுகாப்புக்கு 49 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இப்போது கார் வாங்கப் போகிறவர்கள் 'எத்தனை ஸ்டார்' என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த ஸ்டார்கள் குழந்தை பொம்மையைக் குழந்தை இருக்கையில் கட்டி வைத்துப் பெற்றவை. மடியில் இருக்கும் குழந்தைக்கு அவற்றில் பங்கில்லை.

சட்டம் வந்த வேகத்தில் வழக்கம் மாறவில்லை. பெங்களூர் டாக்சிகள் பலவற்றில் பின் சீட் பெல்ட்டின் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. பெல்ட் போடாதபோது எழும் எச்சரிக்கை ஒலியை அடக்குவதற்கென்றே ஒரு கொக்கி இணையக் கடைகளில் விற்கப்பட்டது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு அதை விற்பனையிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

டென்னசி தந்த பாடம்

மடியை நம்புவது தமிழ்த் தாய்க்கு மட்டும் உரிய குணம் அல்ல. உலகின் முதல் குழந்தை இருக்கைச் சட்டங்களில் ஒன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் நச்சரித்துப் பெற்ற சட்டம் அது. ஆனால் உறுப்பினர்கள் அதில் ஒரு விதிவிலக்கைச் செருகியிருந்தார்கள்: பெரியவர்கள் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு இருக்கை தேவையில்லை. சட்டத்துக்காகப் போராடியவர்கள் அந்த வரிக்கு 'குழந்தையை நசுக்கும் திருத்தம்' என்று பெயர் வைத்தார்கள். மூன்றாண்டுகள் போராடி, 1981இல் அதை நீக்க வைத்தார்கள். 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

டென்னசி சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கிய அந்த வரி, இந்தியாவில் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமலே நடைமுறையில் இருக்கிறது.

அதற்குப் பணமும் ஒரு காரணம். நல்ல குழந்தை இருக்கை சில ஆயிரங்களில் தொடங்கிப் பல ஆயிரங்கள் வரை போகிறது. குழந்தை வளர வளர மாற்றவும் வேண்டும். பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு குழந்தைக்குச் சிறியதான இருக்கை அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகிறது. சட்டை, தொட்டில் போல இதுவும் கைமாறுவது நல்ல வழக்கமே. ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்: அந்த இருக்கை ஏதாவது விபத்தில் சிக்கியதா? ஒருமுறை மோதலைத் தாங்கிய இருக்கை வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் அதை நம்பக்கூடாது.

மூன்றாவது ஆள்

கார் வைத்திருப்பவர்களின் கதை இது. பெங்களூரின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களில் பெரும்பான்மை இரு சக்கர வாகனங்கள். ஸ்ரீராமபுரத்திலோ முருகேஷ்பாளையத்திலோ குடியிருக்கும் ஒரு குடும்பம் ஓசூரில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போக நாற்பது கிலோமீட்டர். ஸ்கூட்டரில் அப்பா, பின்னால் அம்மா, இருவருக்கும் நடுவே தூங்கும் குழந்தை. மூத்தது முன்னால் நின்றுகொண்டு வரும். அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட்.

2019 திருத்தத்தின்படி 4 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்கும் சிறியவர்களுக்காக மத்திய அரசு 2022 பிப்ரவரி 15இல் தனி விதி வெளியிட்டது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும். அந்த வார் 30 கிலோ எடை தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. 40 கி.மீ. என்பது இரண்டாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம் என்பதால் ஹெல்மெட் இல்லாமல் அந்த வேகமும் பாதுகாப்பல்ல.

குழந்தையை ஓர் ஆளாக எண்ணுவதா என்ற கேள்வி 2023இல் கேரளத்தில் வெளிப்படையாகவே எழுந்தது. ஜூன் மாதம் சாலைகளில் செயற்கை அறிவுக் கேமராக்கள் வேலை செய்யத் தொடங்கியதும், அப்பா, அம்மா, குழந்தை என்று ஸ்கூட்டரில் போவது 'மூவர் சவாரி' ஆகி அபராதத்துக்குரியதாயிற்று. குழந்தைகளுக்கு விலக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. 12 வயதுக்குட்பட்ட மூன்றாவது ஆளுக்கு இப்போதைக்கு அபராதம் வேண்டாம் என்று மாநில அரசு முடிவெடுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பஸ் வசதி குறைந்த ஊரில் கார் வாங்க முடியாத குடும்பம் குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போகும்? அதே சமயம், அபராதத்திலிருந்து விலக்கு வாங்கலாம்; தார்ச்சாலையிடமிருந்து விலக்கு வாங்க முடியாது. பெங்களூரில் இந்தக் குடும்பத்துக்கு ஓரளவு வழி இருக்கிறது. ஓசூருக்கு நாள் முழுக்கப் பஸ் ஓடுகிறது. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டாலே பெரிய ஆபத்து விலகும்.

அழுகைக்கும் நேரம் ஒதுக்கு

குழந்தை இருக்கை வாங்கிய பெற்றோரும் முதல் பயணத்திலேயே தோற்றுப்போவதுண்டு. இருக்கையில் கட்டியதும் குழந்தை அழுகிறது. பத்து நிமிடம் அழுகிறது. இருபது நிமிடம் அழுகிறது. சந்தாபுரா தாண்டுவதற்குள், 'பாவம், எடுத்து மடியில் வைத்துக்கொள்' என்று பின் சீட்டிலிருந்து பாட்டியின் குரல் வருகிறது. வார் அவிழ்கிறது. அதன் பிறகு அந்த இருக்கை பெட்டி வைக்கும் இடமாகிவிடுகிறது.

இங்கேதான் பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. இருக்கையைப் பணம் கொடுத்து வாங்கலாம். அதில் குழந்தை உட்கார, நேரம் கொடுக்க வேண்டும். பெங்களூர்க்காரர்களிடம் இல்லாதது அதுதான். சேலம் வரை 200 கி.மீ. தூரத்தை மூன்றரை மணியில் முடித்துவிடலாம் என்பது தனியாளின் கணக்கு. கைக்குழந்தை உள்ள காருக்கு அது ஐந்து மணி நேரப் பயணம். இரண்டு மணிக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி, வாரை அவிழ்த்து, குழந்தையை எடுத்து நடக்க வேண்டும். பால் கொடுப்பது, துணி மாற்றுவது, கொஞ்சுவது எல்லாம் அப்போதுதான். அழுகை தாங்க முடியாவிட்டால் வாரை அவிழ்ப்பதற்கு முன் வண்டியை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. ஓடும் வண்டியில் ஒருமுறை எடுத்துவிட்டால், அழுதால் எடுப்பார்கள் என்பதைக் குழந்தை அன்றே கற்றுக்கொண்டுவிடும்.

வாரக்கணக்கில் முன்பே பழக்கப்படுத்தியவர்களுக்குத் தொல்லை குறைவு. வீட்டுக் கூடத்திலேயே இருக்கையை வைத்துக் குழந்தையை விளையாட விடுகிறார்கள். பிறகு காய்கறிக் கடைவரை ஒரு சிறு சவாரி. குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் கிளம்பினால் பாதித் தூரம் தூக்கத்தில் போய்விடும். ஆனால் ஓட்டுபவரும் அதே நேரத்தில் தூங்க விரும்பக்கூடும் என்பதை மறக்கக்கூடாது. வார முழுதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வெள்ளி இரவு ஸ்டியரிங் பிடிக்கும் தகப்பன், தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது நள்ளிரவாகியிருக்கும். விபத்துகளுக்குப் பேர் போன இடம் அது. சனிக்கிழமை விடிந்தபின் கிளம்பினால் அரை நாள் போகும். போகட்டும் என்று விடக் கற்றுக்கொள்வது பெரிய பாடம்.

நிற்பதற்கு இடமும் வேண்டும். தமிழகத்தில் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. பெங்களூர் மெஜஸ்டிக்கில் 2020 ஆகஸ்டில் ஒரு பழைய பஸ்சையே பெண்களுக்கான கழிப்பறையாக மாற்றி, குழந்தைக்குப் பாலூட்டவும் துணி மாற்றவும் அதில் இடம் ஒதுக்கியது கர்நாடகப் போக்குவரத்துக் கழகம். இப்படிப்பட்ட இடங்கள் பூட்டாமல், சுத்தமாக இருப்பதும் சாலைப் பாதுகாப்பில் சேர்த்திதான். நின்று பாலூட்ட இடமில்லாவிட்டால் தாய் ஓடும் வண்டியில் குழந்தையை மடியில் எடுப்பாள்.

2 வயது தாண்டினால் வேறு தொல்லை: வாந்தி. 2 முதல் 12 வயதுவரை இது அதிகம். உட்காதின் சமநிலை உறுப்பு 'நாம் அசைகிறோம்' என்கிறது. போன் திரையில் பதிந்த கண் 'இல்லை' என்கிறது. இந்தச் சண்டை வயிற்றில் முடிகிறது. அழாமலிருக்கக் கொடுத்த போனே பல சமயம் காரணம். வெளியே தொலைவில் பார்க்கும்படி உட்கார வைப்பது, சன்னலைச் சற்றுத் திறப்பது, கிளம்பும் முன் வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துவது ஆகியவை உதவும்.

பையில் இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ் தூள் இருப்பது நல்லது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான நீரில்தான் கரைக்க வேண்டும். பாதியைப் போட்டு டம்ளரில் கலக்கினால் அளவு கெட்டுவிடும். உண்மையான ஓஆர்எஸ் அல்லாத இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது.

ஊர் வந்து சேரும்போது நேரமாகிவிட்டிருக்கும். 'இவ்வளவு நேரமா?' என்று வாசலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாலு மணி நேரத்தில் வந்த கதையைச் சொல்வார். மறுநாள் கோயில் மண்டபத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டுகிறார். தாய்மாமன் பட்டு வேட்டி கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். குழந்தையை அவர் மடியில் வைக்கிறார்கள். அது வீறிட்டு அழுகிறது. அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்கிறார், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், சந்தனம் பூசுகிறார்கள். மடி அதன் இடத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில், காரின் பின் சீட்டில், மொட்டைத் தலையோடு வாரில் கட்டுண்டு குழந்தை தூங்குகிறது. கிருஷ்ணகிரி வந்ததும் வண்டி நிற்கும்.